ஒன்பதாம் கட்டிலின் நாடி

அன்று மதியம் முழுக்க நர்ஸ் மேசைத் திரையில் ஒன்பதாம் கட்டிலின் நாடி எழுபத்திரண்டைத் தாண்டவில்லை. நெஞ்சுவலியோடு அடுகோடியிலிருந்து வந்த அப்பாதுரையின் மணிக்கட்டில் நாடி பார்க்கும் கருவிப்பட்டையை மாட்டியதிலிருந்து இப்படி ஒழுங்கான எண்ணை நர்ஸ் பிரிசில்லா பார்த்ததே இல்லை. மனுஷன் தேறிவிட்டார் என்று நினைத்து, கட்டில் பக்கம் போகாமலே இரண்டு மணிக் குறிப்பில் "நோயாளி படுக்கையில் நலம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மூன்று மணிக்கு அப்பாதுரை ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் விழுந்து கிடப்பதாகச் சொல்லிக்கொண்டு செக்யூரிட்டி ஓடிவந்தார். பிரிசில்லா ஓடிப்போய்ப் பார்த்தால், கட்டிலில் அப்பாதுரையின் மனைவி சரசு உட்கார்ந்திருந்தாள். பட்டை அவள் கையில், வளையல்களுக்கு மேலே.

"என்னக்கா இது?"

"ஒரு பீடி இழுத்துட்டு வந்துடறேன், நீ மாட்டிக்கடின்னாரு. சும்மா கழட்டி வச்சா மிஷின் கத்துமே சிஸ்டர்!"

அப்பாதுரை பிழைத்துக்கொண்டார். மறுநாள் விசாரணையில் சரசு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சிஸ்டருதான் போய்ட்டு வாங்கன்னு பட்டைய எனக்கு மாட்டிவிட்டாங்க" என்றாள். நாலு நாளாகப் பிரிசில்லாவின் டிபன் பாக்ஸில் பாதியைச் சாப்பிட்டவள். பிரிசில்லா மறுத்தாள். அவளுடைய இரண்டு மணிக் கையெழுத்தைக் காட்டி, வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

வராந்தாவில் சரசு வழிமறித்தாள். "கோச்சுக்காத சிஸ்டர். எங்க தப்புன்னா அவர வெளிய தள்ளிடுவாங்கன்னு பயம்."

பிரிசில்லா அவள் மணிக்கட்டைப் பிடித்து, ஒரு நிமிடம் முழுதாக விரலால் எண்ணினாள். நூற்றுப் பதினாறு.

"இப்ப பட்ட மாட்டியிருந்தா மிஷின் கத்தியிருக்கும், அக்கா" என்று சொல்லிக் கையை விட்டாள்.