வாத்தியார் போட்ட நாலு கட்டம்

உயிரியல் வாத்தியாருக்கு வாழ்க்கைப்பட்டால் இப்படியும் ஒரு அசிங்கம் வந்து சேரும் என்று அவளிடம் யாரும் சொல்லி வைக்கவில்லை. மகளின் பள்ளி அடையாள அட்டைக்காக ரத்த வகை பார்த்தார்கள். சீட்டில் 'ஏ' என்று வந்தது. வாத்தியார் ஓ, அவள் பி. மனிதர் அந்தச் சீட்டைத் திருப்பி, அப்பா அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு என்ன வகை வரும் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுவதைப் போலவே நாலு கட்டம் போட்டார். எந்தக் கட்டத்திலும் ஏ விழவில்லை. கட்டம் பொய் சொல்லாதாம், பெண்டாட்டிதான் சொல்லுவாளாம்.

"ஓ-வும் பி-யும் சேர்ந்தா ஏ எப்படி வரும்? நீயே சொல்லு."

"உங்க மூக்கு, உங்க காது, உங்க சிடுமூஞ்சித்தனம் மொத்தமும் அவகிட்ட இருக்கே. அது எங்கிருந்து வந்துச்சாம்?"

"மூக்கெல்லாம் ஆதாரம் ஆகாது."

ஒரு வாரமாக மகள் முகத்தைப் பார்க்காமல் தட்டைப் பார்த்தே சாப்பிட்டார், பெரிய நீதிமான். ஏழு வயதுப் பிள்ளை, தான் என்ன தப்பு செய்தோம் என்று அம்மாவிடம் கேட்டது. அங்கேதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டுகிறவள் அவள். ஒரே அளவை வைத்துக்கொண்டு ஊருக்கே சட்டை தைக்கக் கிளம்பும் ஆட்களைக் கண்டாலே ஆகாது. பிள்ளைக்கு அப்பா இல்லாமல் போய்விடுமே என்ற பயம் மட்டும் இல்லையென்றால் அன்றைக்கே அவரைத் தலை முழுகியிருப்பாள். அந்தப் பயத்தில்தான் மூன்று பேருமாக ரத்த வங்கிக்குப் போனார்கள்.

அங்கே ரத்தம் எடுத்த அம்மாள் வாத்தியார் நீட்டிய கட்டம் போட்ட சீட்டைப் பார்த்துவிட்டு, "இவங்க பி-ன்னு யார் சொன்னது?" என்றாள்.

"நான்தான். எங்க ஸ்கூல் லேப்ல நானே பாத்தேன்."

"குரூப் பாக்குற மருந்து பாட்டில் எப்போ திறந்தது சார்?"

வாத்தியார் சுவரைப் பார்த்தார். "போன வருஷ ரத்த தான முகாமுக்கு வாங்கினது. நல்லாத்தான் இருந்துச்சு."

அரை மணி நேரம் கழித்து அந்த அம்மாள் திரும்பி வந்தாள். "இவங்க பி இல்ல சார், ஏபி. அதுலயும் ஏ-வோட ரெண்டாவது உட்பிரிவு. பி கூட இருக்கும்போது இந்த ஏ மங்கலாத்தான் தெரியும், பழைய மருந்துல கண்ணுலயே படாது. இவங்களுக்கும் உங்களுக்கும் ஏ-ல பிள்ளை பொறக்கறதுல ஒரு அதிசயமும் இல்ல."

"எங்க புத்தகத்துல நாலே குரூப்தானே போட்டிருக்கு?" என்றார் வாத்தியார், ரத்தம் தன்னைக் கேட்காமல் ஓடிவிட்ட மனக்குறையோடு.

மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்து அவள் அவர் வாயையே பார்த்தாள். எட்டு வருஷம் குடித்தனம் நடத்தியும் அந்த முட்டாள்தனம் அவளை விட்டுப் போகவில்லை.

"அப்போ இவ என் பொண்ணுன்னு உறுதியா சொல்லலாமா?"

"இருக்கலாம்னுதான் இது சொல்லும் சார். உறுதியா வேணும்னா டிஎன்ஏதான்."

வாத்தியார் மனைவியின் பக்கம் குனிந்தார். "அதையும் பாத்துருவோமே. ஒரு மனநிம்மதிக்குத்தான்."

அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஒரு வாரமாக அடக்கி வைத்திருந்த பயம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"தாராளமா பாருங்க. உங்க பொண்ணுன்னுதான் வரும். வந்ததும் சீட்டை எடுத்துக்கிட்டு எங்க அக்கா வீட்டுக்கு வாங்க. ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் அவளைப் பாத்துட்டுப் போங்க."

"அப்போ நீ?"

"எனக்கு எந்த டெஸ்ட்டும் வேணாங்க. நீங்க யாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு."