இரண்டு தார்ப்பாய்கள்

“அப்பாவோட மரத்த வெட்டணும், பெரியப்பா. இன்னைக்கே,” என்றாள் நோஹியா.

மகோவா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. இந்த வீட்டில் வாய்திறந்து கேட்கவே கூடாத ஒன்று உண்டென்றால் அது இதுதான். அவர் தம்பி கெயோகி பிறந்த அன்று, நஞ்சுக்கொடியைப் புதைத்து அதன்மேல் நட்ட, சிவப்பாய்ப் பூக்கும் லெஹுவா மரம். அது நிற்கும்வரை தம்பியும் இருப்பார் என்பது குடும்பத்தின் நம்பிக்கை. கெயோகி இப்போது பக்கத்து அறையில் கிடந்தார். ஈரவிறகை ஊதுவதுபோல் அவர் மூச்சு சமையலறைவரை கேட்டது.

“அவன் உசிரு இன்னும் இழுத்துக்கிட்டு கெடக்கு. ஒனக்கு ரம்பம் கேக்குதோ?” என்றாள் மோமி அத்தை.

“மரத்துக்கு நோய், அத்தை. மேல பாதி காஞ்சிருச்சு, கண்ணு தெரியலையா? வண்டு தொளைக்கிற தூளு காத்துல பறந்து மலை பூரா பரவும்.”

“அப்பன் மூச்சு நிக்கிறதுக்குள்ள மரத்த வெட்டுன்னுதான் காலேஜுல சொல்லிக்குடுத்தானா?”

நோஹியாவுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. தெம்பில்லை. அப்பாவைப் புரட்டிப் புரட்டிப் படுக்கவைத்த தோள்கள் கடுத்தன. இந்த வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் அவள். அதுவும் காட்டுமரங்களின் நோய்களில். அந்தப் படிப்பை இங்கே யாரும் ஒரு கிண்ணம் சேம்பங்கூழுக்கும் மதித்ததில்லை.

“நான் அத சும்மா விடலம்மா,” என்றார் மகோவா. “போன வருசமே காஞ்ச கெளையெல்லாம் கழிச்சேன். அவனுக்கு ஒண்ணும் ஆயிரக்கூடாதுன்னுதான்.”

“எந்தக் கத்தியால?”

“அரிவாள்தான். வேற என்ன இருக்கு? அதுக்கப்புறம் நீ பட்டம் வாங்குனப்ப, மாலை கட்ட ஒன் மரத்துல பூங்கெளை வெட்டுனதும் அதுலதான்.”

“நடுவுல கழுவுனீங்களா?”

“சட்டையில தொடச்சேன்.”

“லெஹுவாப் பூவப் பறிச்சா, மரமா நிக்கிற காதலன்கிட்டருந்து காதலியப் பிரிச்ச பாவம், மழை கொட்டும்னு அன்னைக்கே சொன்னேன்,” என்றாள் அத்தை. “கேட்டாரா அண்ணன்? நம்ம பொண்ணு கழுத்துல நம்ம மரத்துப் பூதான்னாரு. கொட்டுச்சே! மேடையில நனைஞ்ச கோழியாட்டம் நின்னியே.”

மகோவா சிரித்துவிட்டார். நோஹியா சிரிக்கவில்லை. வாசற்படலோரம், அவள் பிறந்தபோது அதேபோல் நட்ட அவளுடைய மரம். அதில் ஒரு கிளை பழுப்பேறியிருந்ததைக் காலையில்தான் பார்த்தாள். வெயிலாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். படித்தவள் சொல்லிக்கொள்கிற பேச்சா அது?

நோயை என் மரத்துக்குக் கொண்டுவந்தது உங்கள் அரிவாள்தான் பெரியப்பா என்று வாய்வரை வந்தது. கூழ் ஒட்டிய அவர் விரல்களைப் பார்த்தாள். விழுங்கிக்கொண்டாள்.

அப்போதுதான் ஈரவிறகுச் சத்தம் நின்றுபோயிருப்பது மூவருக்கும் உறைத்தது.

அத்தை ஓடினாள். தம்பியின் பெயரை இழுத்து இழுத்து அவள் கூப்பிட்ட குரல் மலைச்சரிவுவரை போயிருக்கும். நோஹியா அப்பாவின் தாடையைத் தாங்கி வாயை மூடினாள். மறுபடி திறந்துகொண்டது. துண்டை மடித்துக் கட்டினாள்.

மகோவா கால்மாட்டில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

“மரம் நிக்குதே,” என்றார். தம்பியின் கால்மேல் போர்வையை இழுத்துவிட்டு, “வெட்டிக்கோ. இனிமே அது எதுக்கு? ரம்பம் கொட்டகையில கெடக்கு.”

மிஷின் ரம்பத்தை ஒரு கையில் எடுத்து, மடித்த தார்ப்பாய்களை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவள் கொட்டகையிலிருந்து வந்தபோது, அவர் பின்வாசலில் நின்றிருந்தார்.

“ஒரு மரத்துக்கு எதுக்கும்மா ரெண்டு தார்ப்பாய்?”

“வெட்டினத மூடி வைக்கணும், பெரியப்பா.”

“அதுக்கு ரெண்டா?”

அவள் படியிறங்கினாள். வானம் வெளுத்துத்தான் கிடந்தது. ஆனாலும் மோமி அத்தை அழுதுகொண்டே கொடியில் காய்ந்த துணிகளை உருவிக்கொண்டிருந்தாள், தம்பியின் சட்டைகளை முதலில்.

நோஹியா அப்பாவின் மரத்தடியில் ஒரு தார்ப்பாயைப் போட்டாள். மற்றதோடு வாசற்படலோர மரத்தை நோக்கி நடந்தாள்.