மூன்றரை நிமிடத் தூரம்

அவன் கண்ணாடிக்கடையில் லென்ஸ் பொருத்துகிறவன். அவனுடைய அக்கா தையற்காரி. ஒரே கட்டடத்தில் அவன் மேலே, அக்கா கீழே. அவன் குளியலறையின் தரைதான் அக்காவின் தையல் அறைக்குக் கூரை. இருவருக்கும் ஒன்றே முக்கால் வருடமாகப் பேச்சு இல்லை.

காரணம் துணி துவைக்கும் மெஷினின் குழாய். ஒரு வெள்ளிக்கிழமை வீட்டில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து அது கழன்றுகொண்டது. தண்ணீர் தரையை நிரப்பிவிட்டுக் கீழே இறங்கியது. அக்காவின் அலமாரியில் இருபத்திரண்டு வருட வாடிக்கையாளர்களின் அளவுகள், காகிதத்தில் வெட்டி, பெயரெழுதி, அடுக்கியபடி இருந்தன. மை கரைந்து எல்லாரும் ஒரே ஆளாகிவிட்டார்கள். அக்கா மேலே வந்து சொன்னபோது அவன் குழாயைத் துடைத்துக்கொண்டே, "வெறும் தண்ணிதானே அக்கா, காஞ்சிடும்" என்றான். அவள் இறங்கிப் போனாள். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு மறுபடி அளவெடுக்க வேண்டியதாயிற்று. பலர் இடைப்பட்ட வருடங்களில் பருத்திருந்தார்கள். அதை அக்கா வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ள அவர்களுக்கு விருப்பமில்லை. ஏழு பேர் வேறு கடை பார்த்துக்கொண்டார்கள்.

அவன் மனைவி பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் இருக்கிறவள். அங்கே வருடக் கடைசிக் குலுக்கலில் அவளுக்கு ஆறு ஆழமான குழிகள் உள்ள ஒரு தட்டு விழுந்தது. பாப்ஓவர் என்ற உப்பலான ரொட்டி சுடுகிற தட்டு என்று பெட்டியில் போட்டிருந்தது. உள்ளே செய்முறைச் சீட்டும் இருந்தது: முட்டை, பால், மாவு, உப்பு, அவ்வளவுதான். பொங்கவைக்கும் பொடி எதுவும் கிடையாது. மாவுக்குள் கிளம்பும் நீராவியே அதைத் தூக்கிவிடுமாம். பாதியில் ஓவன் கதவைத் திறக்கவே கூடாது என்று தடித்த எழுத்தில் எச்சரித்திருந்தது. சமையலறைப் பக்கம் எட்டிப் பார்க்காதவனுக்கு அந்தக் கண்டிப்பு பிடித்துப்போயிற்று. கடையில் அரை மில்லிமீட்டருக்குச் சண்டை போடுகிறவன் அவன்.

முதல் ஞாயிறு ஆறு அழிரப்பர்கள் கிடைத்தன. அடுத்த இரண்டு ஞாயிறும் ஏறக்குறைய அதேதான். நான்காவது ஞாயிறு, தட்டை வெண்ணெயோடு முதலிலேயே சூடாக்கி, பாலைப் போல நீர்க்கக் கரைத்த மாவை ஊற்றினான். ஆறும் எழும்பின. குழியைத் தாண்டி, தலை வீங்கி, பழுப்பாகி, உள்ளே வெற்றாக நின்றன. மனைவி ஜாம் தடவி இரண்டு தின்றுவிட்டு நன்றாக இருக்கிறது என்றாள். அவன் கொஞ்ச நேரம் மிச்சத்தைப் பார்த்தான்.

"ரெண்டை அக்காகிட்ட குடுத்துட்டு வா."

ஏதாவது சொல்ல வேண்டுமா என்று மனைவி கேட்டாள். ஒன்றும் வேண்டாம், கொடுத்தால் போதும் என்றான்.

சிக்கல் என்னவென்றால், அவர்கள் வாசல் முன்தெருவில், அக்காவின் வாசல் பின்சந்தில். படியிறங்கி, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போக மூன்றரை நிமிடம் ஆகும். பாப்ஓவர் அவ்வளவு நேரம் நிற்கிற ஜாதி இல்லை.

மனைவி திரும்பி வந்து, கேட்டதைக் கேட்டபடி ஒப்பித்தாள். இதன்மேல் யாராவது உட்கார்ந்துவிட்டார்களா என்று அக்கா விசாரித்தாளாம்.

அடுத்த ஞாயிறு துண்டில் சுற்றி அனுப்பினான். ஆவியில் ஊறிப் போய்ச் சேர்ந்தன. உங்கள் வீட்டிலிருந்து எது வந்தாலும் ஈரமாகத்தான் வருமா என்று அக்கா கேட்டுவிட்டாள். அது நியாயமான கேள்வி என்றுதான் அவனுக்கும் பட்டது. அதற்கடுத்த வாரம் ஊசியால் துளை போட்டு ஆவியை வெளியேற்றி, இன்னும் பத்து நிமிடம் காயவைத்தான். உருவம் குலையவில்லை. ஆனால் பல் ஆஸ்பத்திரிக்கு ஆள் பிடிக்கிறாயா என்று மனைவிக்கே கேள்வி வந்தது.

கொண்டுபோன தட்டு மட்டும் ஒவ்வொரு தடவையும் கழுவித்தான் வந்தது. பதிலும் வாரத்துக்கு வாரம் நீண்டுகொண்டு போனது. அவன் இரண்டையும் கவனித்தான்.

ஏழாவது ஞாயிறு மனைவி ஓடினாள். அக்கா கதவைத் திறக்கவும், அவள் கண்ணெதிரே அவை மெல்ல அமுங்கவும் சரியாக இருந்தது. அக்கா கடைசிவரை நின்று பார்த்தாள். "மூணு நிமிஷம் தாங்காத சாமானைத் தூக்கிட்டு எதுக்கு இந்த அலைச்சல்? என்கிட்டயும் ஓவன் இருக்கு, உள்ளே பாத்திரம் அடுக்கி வச்சிருக்கேன். அவனையே வந்து சுடச் சொல்லு."

அடுத்த ஞாயிறு அவன் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு தட்டோடு புறப்பட்டான். மனைவி தலைக்குக் குளிக்க வேண்டும் என்று வீட்டிலேயே நின்றுகொண்டாள்.

அக்கா கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள். ஓவனிலிருந்து இறக்கிய பாத்திரங்கள் தரையில் கோபுரமாக இருந்தன. அவன் கரைத்து, ஊற்றி, மூடினான். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு ஓவன் முன்னால் உட்கார்ந்தாள். பத்து நிமிடமாகியும் உள்ளே அசைவில்லை. அவள் கை கைப்பிடிக்குப் போயிற்று.

"திறக்காதே," என்றான். ஒன்றே முக்கால் வருடத்தில் அவளிடம் பேசிய முதல் வார்த்தை.

"என் ஓவன்."

"திறந்தா அமுங்கிடும்."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். இன்னும் அரைமணி நேரம் இருந்தது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அவன் தையல் அறை வாசலில் போய் நின்று, நிமிர்ந்தான். கூரையில் ஜன்னலிலிருந்து கதவுவரை கறை. இரண்டு இடத்தில் காரை பெயர்ந்திருந்தது. அலமாரிப் பலகை உப்பி வளைந்திருந்தது. கண்ணாலேயே அளந்தான். இரண்டே கால் மீட்டருக்குக் குறையாது.

"இவ்வளவு பெருசா?"

"ஆமா."

"ஒரு தட்டு அளவு இருக்கும்னு நினைச்சேன்."

"நீ வந்து பாக்கவே இல்லையே."

அவன் கறையையே பார்த்துக்கொண்டு நின்றான். "வந்திருக்கணும். அப்படிச் சொன்னதும் தப்பு அக்கா."

அக்கா ஓவன் பக்கம் திரும்பினாள். எழும்புகிறது, வந்து பார் என்றாள். இருவரும் குனிந்து பார்த்தார்கள். ஆறும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஏறின. அவள் மூக்கில் நழுவிய கண்ணாடியை மேலே தள்ளினாள். இரண்டாம் தடவை தள்ளியபோது அவனால் சும்மா இருக்க முடியவில்லை.

"இதை யார் போட்டுக் குடுத்தது?"

"பஸ் ஸ்டாண்டுகிட்ட ஒருத்தன்."

"வலது லென்ஸ் மையம் தள்ளியிருக்கு. தலை வலிக்குமே?"

"ஒரு வருஷமா வலிக்குது," என்றாள் அக்கா, மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோல.

சுடச்சுட ஒன்றைப் பிய்த்தாள். ஆவி வெளியேறியது. உள்ளே ஒன்றுமே இல்லையே என்றாள். அப்படித்தான் இருக்க வேண்டும் என்றான். இதற்கா இரண்டு மாதம் என்று கேட்டுக்கொண்டே மூன்று தின்றாள்.

அவள் கண்ணாடியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவன் கிளம்பினான். அது செவ்வாய்க்கிழமை திரும்பி வரும்வரை அக்கா ஊசியைத் தொடவில்லை. சனிக்கிழமை வந்து கூரைக்குச் சுண்ணாம்பு அடித்தான். அக்கா ஏணியைப் பிடித்துக்கொண்டு விட்டுப்போன இடங்களைச் சொல்லிக்கொண்டிருந்தாள். முதல் பூச்சுக்குப் பின்னும் கறை தெரிந்ததால் இரண்டாவதும் அடித்தான்.

மறுநாள் மனைவியும் கூட வந்தாள். ஆறில் இரண்டு எழும்பவில்லை. மாவில் கோளாறு என்றாள் அக்கா. ஓவனில் கோளாறு என்றான் அவன். மத்தியானம்வரை அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.