சாத்தாத ஜன்னல்

தச்சர் மச்சானின் சட்டைக் காலரைப் பிடித்தது அடிப்பதற்குத்தான். காப்பாற்றும் எண்ணம் துளியும் இல்லை.

தச்சர் வீட்டு ஜன்னல் ஆறு வருடமாகச் சாத்த மாட்டேன் என்கிறது. தச்சர் செய்த சட்டம் கோணல் என்பது கண்ணாடிக்கடை வைத்திருக்கும் மச்சானின் கட்சி. மச்சான் வெட்டிய கண்ணாடி அகலம் என்பது தச்சரின் கட்சி. அன்றும் கடையில் அதே சண்டை. மச்சான் வீசிய கை பட்டு, சாய்த்து வைத்திருந்த கண்ணாடி சரிந்து உடைந்தது. ஒரு துண்டு மச்சானின் இடது காறை எலும்புக்கு மேலே குத்திவிட்டுக் கீழே விழுந்தது. அதைக் கவனிப்பதற்குள் தச்சரின் கை காலருக்குப் போய்விட்டது. ஆள்காட்டி விரல் வழுக்கிக் காயத்துக்குள் இறங்கியது.

பதறி எடுத்தார். ரத்தம் பீய்ச்சியது. மறுபடி வைத்தார். நின்றது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா குனிந்து பார்த்தார்.

"கைக்குப் போற பெரிய ரத்தக்குழாய் கிழிஞ்சிருக்கு. விரலை எடுத்துடாதீங்க. எடுத்தா ஆள் போயிடுவார்."

"எதுவரைக்கும்?"

"ஆபரேஷன் தியேட்டர்ல நாங்க சொல்ற வரைக்கும்."

மச்சானின் வலக்கையில் ரத்தம் ஏற்றினார்கள். இடக்கையில் ஏற்றினால் கிழிசல் வழியாகவே வெளியே போய்விடுமாம். தள்ளுகட்டிலோடு ஒட்டிக்கொண்டு தச்சர் நண்டு மாதிரி நடந்தார்.

"கூட வர்றவங்க இங்கேயே நில்லுங்க," என்றார் லிஃப்ட் வாசலில் காவலாளி.

"நான் கூட வரல. உள்ள இருக்கேன்."

காவலாளி விரலைப் பார்த்தார். வழி விட்டார்.

"அவரைப் பேச வச்சுக்கிட்டே வாங்க," என்றார் டாக்டரம்மா. "மூளைக்கு ரத்தம் போகுதான்னு தெரியணும்."

"என்ன பேச?"

"வழக்கமா என்ன பேசுவீங்க?"

"கண்ணாடி அகலம்," என்றார் தச்சர்.

"சட்டம் கோணல்," என்றார் மச்சான் ஈனக்குரலில்.

"நல்லது. நிறுத்தாதீங்க."

"டேப் வச்சு அளந்தேன், மச்சான்."

"உன் டேப்பும் கோணல், மாப்ள."

"டேப் எப்படிக் கோணலாகும்?"

"உன் கையில இருந்தா ஆகும்."

தியேட்டர் கதவருகே மச்சானின் கண் செருகியது.

"மாப்ள. நீ சொன்னதுதான் சரி. கண்ணாடிதான் அகலம்."

ஆறு வருடமாக ஏங்கிய சொல். தச்சருக்கு உச்சி குளிர்ந்தது. டாக்டரம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

"கேட்டீங்கள்ல?"

டாக்டரம்மா முகம் மாறியிருந்தது. "இவர் இப்படி விட்டுக்கொடுக்கிற ஆளா?"

"செத்தாலும் மாட்டான்," என்ற தச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"மூளைக்கு ரத்தம் குறையுது. இன்னொரு பை ஏத்துங்க. சீக்கிரம் தள்ளுங்க."

தச்சர் மச்சானின் காதருகே குனிந்தார். "கண்ணாடி சரியாத்தான் இருக்கு, மச்சான். என் சட்டம்தான் கோணல். சொல்லு. உன் வாயால சொல்லுடா."

"அகலம்," என்றது வாய்.

தியேட்டரில் விரலுக்கும் நெஞ்சுக்கும் சேர்த்தே மருந்து பூசினார்கள். துணிக்கடியில் ஒடுங்கி நின்ற தச்சரின் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. குழாயின் இரு பக்கமும் கவ்வி போட்ட பிறகு, "இப்ப எடுங்க," என்று ஒரு குரல் கேட்டது. எடுத்தார். விரல் வந்தது, நிமிரவில்லை.

மறுநாள் மச்சான் கண் திறந்தார். தச்சர் கட்டிலருகே குனிந்தார்.

"கண்ணாடி அகலம்னு சொன்னியே. ஞாபகம் இருக்கா?"

மச்சான் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அந்த விரலைப் பார்த்தார்.

"சட்டம் கோணல். விரலும் கோணல்."

தச்சர் வெளியே வந்தார். மனைவி ஓடிவந்தாள்.

"அண்ணன் என்னங்க சொன்னாரு?"

நிமிராத விரலால் தச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பொழச்சுக்கிட்டான்."