தகுதியான கவிதை இல்லை

கைமன் ஊர்க் கவிதை விழாவுக்கு அந்த வருஷம் நான்தான் நடுவர். தாத்தாக்கள் வேல்ஸிலிருந்து இந்தத் தென்கோடிப் பொட்டலுக்குக் கப்பலேறி வந்தபோதே கூடக் கொண்டுவந்த வழக்கம் இது. கவிஞர்கள் புனைபெயரில் எழுதி அனுப்புவார்கள். விழாவன்று வென்ற புனைபெயரை நடுவர் கூப்பிட, எக்காளம் ஊத, கூட்டத்தில் ஒருவர் எழுந்து நிற்பார். அவருக்கு ஒரு புது நாற்காலி பரிசு. இருபது வருஷம் நானும் அனுப்பிப் பார்த்தேன். எழுந்து நிற்கும் யோகம் வாய்க்கவில்லை.

வந்த ஏழில் ஆறு குப்பை. ஏழாவதை இரண்டு முறை படித்தேன். சுபுத் ஆறு பெருகி எங்கள் மண்வீடு கரைந்துபோன கதை. வண்டியில் கோழிக்கூடைமேல் உட்கார்ந்து அழும் இரண்டு பையன்கள். அது நானும் தம்பி மெய்ரியனும்தான். எழுதியவன் அவன்தான்; பள்ளிக்கூடத்துக்கே சரியாகப் போகாதவன், மேட்டுப் பொட்டலில் ஆடு வளர்க்கிறவன். வாத்தியாரான எனக்கு வராதது அவனுக்கு வந்திருந்தது.

"நாற்காலிக்குத் தகுதியான கவிதை இல்லை" என்று மேடையில் அறிவித்தேன். தம்பிக்குக் கொடுத்தால் ஊர் என்ன பேசும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய். பொறாமைதான். மூன்றாவது வரிசையில் அவன் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு, எழத் தயாராகக் காலை உள்ளிழுத்து உட்கார்ந்திருந்தான். மெதுவாகக் காலை நீட்டிக்கொண்டான்.

தேநீர் நேரத்தில் விழாச் செயலாளர் நெஸ்டா, கறுப்புக் கேக்கை நறுக்கிக்கொண்டே என்னை வம்புக்கிழுத்தாள்.

"ஏன் வாத்தியாரே, நாற்காலி சும்மாதான கெடக்கு? நீங்களே தூக்கிட்டுப் போயிடுங்களேன்!"

எல்லாரும் சிரித்தார்கள். மெய்ரியனுக்குச் சுருக்கென்றது. "எங்கண்ணன் யாருக்கும் முகதாட்சண்யம் பாக்காதுக்கா. சும்மா கேலி பண்ணாதீங்க" என்றான். நான் கேக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

பிறகு என்னைக் காற்றுக்கு மறைவாகச் சுவரோரம் அழைத்துப்போய், கோட்டுப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான்.

"அண்ணே, சிரிக்காத. அதுல ஒண்ணு நான் எழுதுனது."

"நீயாடா?" என்றேன். அந்த நடிப்பை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

"எங்க சறுக்கிருச்சுன்னு மட்டும் சொல்லு. அடுத்த வருஷத்துக்குச் சரி பண்ணிடறேன்."

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. விரல்தான் போய் ஒரு வரியில் நின்றது: 'கரையப்போகும் வீட்டின் கதவைச் சாத்திவிட்டு வந்தாள் அம்மா.' இருபது வருஷம் நான் தேடியும் கிடைக்காத வரி.

"இது கொஞ்சம் அதிகப்படிடா."

"அப்படியா?" அதையே கொஞ்ச நேரம் பார்த்தான். பென்சிலை நாக்கில் தொட்டு, அந்த வரியை அழுத்தி அடித்தான்.

"நல்லவேள, உங்கிட்ட கேட்டேண்ணே" என்றான்.