காறை எலும்புக்குக் கீழே ஒரு தகடு

பைக்கிலிருந்து விழுந்த நாள் முதல் பிரயூனின் வலது கை தோளிலிருந்து ஈரத் துணிபோலத் தொங்கியது. ஐஸ் பாளம் அறுத்துக் கடைகளுக்குப் போடுகிறவனுக்கு அந்தக் கை இல்லாமல் பிழைப்பில்லை. தாய்லாந்தின் கோன் கேன் நகர ஆஸ்பத்திரி டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். நரம்பு வீங்கித்தான் கிடக்கிறதென்றால் காத்திருக்கலாம், தானே தேறும். அறுந்திருந்தால், தசை சாவதற்குள் திறந்து தைக்க வேண்டும். தேறுகிற நரம்பில் கத்தி வைத்தால் இருப்பதும் போகும். எது என்பதை, நரம்பை மட்டும் பிரித்துக் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்தான் சொல்லும்.

ஸ்கேனுக்கு முன் பிரயூன் கழுத்துத் தாயத்துகளைக் கழற்றி மனைவி லம்பாயிடம் கொடுத்தான்.

"உடம்புக்குள்ள கம்பி, தகடு ஏதாவது இருக்கா அண்ணே?" என்று ஸ்கேன் எடுக்கும் ஒராதை கேட்டாள்.

"இல்லம்மா."

இருந்தது. காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில், மந்திரம் எழுதிச் சுருட்டிய அரிசியளவு தங்கத் தகடு. தக்ருத். பச்சை குத்தும் குரு வைத்தது. வெளியில் சொன்னால் காவல் போய்விடும் என்றிருந்தார். தங்கத்தை ஸ்கேன் இயந்திரத்தின் காந்தம் இழுக்காது, ஆகவே இது பொய்யில் சேராது என்று பிரயூன் கணக்குப் போட்டான்.

இயந்திரம் தகரம் தட்டுவதுபோலத் தட்டி ஓய்ந்தது. ஒராதை திரையைத் திருப்பிக் காட்டினாள். கழுத்திலிருந்து நரம்புகள் வெள்ளைச் சேமியாவாக இறங்கின. தோளுக்கு வருமுன் ஒரு கறுப்புக் குழி அத்தனையையும் விழுங்கியிருந்தது.

"டாக்டர் பார்க்க வேண்டிய இடமே இதுதான். என்ன வச்சிருக்கீங்க?"



"தக்ருத்," என்றாள் லம்பாய். "கல்யாணத்துக்கு முந்தியே வச்சது. எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு இந்த மனுஷனுக்கு."

"தங்கம்," என்றான்.

"தங்கத்துக்கு இவ்வளவு கறுப்பு விழாது அண்ணே. இரும்பு கலந்திருக்கும். பெருசா இருந்திருந்தா சதையைக் கிழிச்சிருக்கும். எடுத்துட்டு வாங்க."

"எடுத்தா காவல் போயிடும்."

"பைக்ல விழுறப்போ அந்தக் காவல் எங்க போச்சு? காப்பி குடிக்கப் போச்சா?" என்றாள் லம்பாய்.

"உசுரு இருக்கில்ல?"

லம்பாய் அவன் வலது கையைத் தூக்கி, விட்டாள். அது மடியில் தொப்பென்று விழுந்தது.

மரத்துப்போக ஊசி போட்டுக் கீறி எடுத்தார்கள். கழுவியதும் தங்கப் பூச்சு உதிர்ந்து, உள்ளே எஃகு தெரிந்தது.

காயம் ஆறியபின் மறுபடி ஸ்கேன். ஒராதை அதே கேள்வியைக் கேட்டாள். அவனும் அதே பதிலைச் சொன்னான். இம்முறை குழி இல்லை. குழி இருந்த இடத்தில் ஒரு நரம்பு முடிந்து, விரலகலம் தள்ளி மீண்டும் தொடங்கியது. மற்றவை வீங்கியிருந்தன, அறுபடவில்லை.

"இது தானாச் சேராது," என்றார் டாக்டர். "கெண்டைக்கால்ல இருந்து ஒரு நரம்பை எடுத்து இங்க வச்சுத் தைக்கணும். பழைய பலம் முழுசா வரும்னு சொல்லமாட்டேன். சும்மா இருந்தா இந்தத் தோள் தூக்காது."

பிரயூன் தலையாட்டினான். பிறகு லம்பாய் பக்கம் திரும்பாமல் சொன்னான்.

"இடது கால்ல எடுங்க டாக்டர். வலதுல இன்னொண்ணு இருக்கு."