இரண்டாம் தோலுக்கும் மூன்றாம் தோலுக்கும் நடுவே

"ரெகாட்டா அன்னிக்கு, படகுப் போட்டி பாக்க வந்த இருநூறு பேர் முன்னாடி ரெக்ஸ் பின்ஃபோல்ட் தன் லாஞ்சுப் படகைத் தன் கையாலயே ரம்பம் வெச்சு அறுப்பான். அறுன்னு நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். கையில டீக் கோப்பையோட சும்மா நின்னுக்கிட்டிருப்பேன். அறுத்து முடிச்சிட்டு எனக்கு நன்றி வேற சொல்லுவான், பாரு."

ஸோர்கா வுலேதிச் இப்படிச் சொன்னபோது பீட்டா டவுதாரி ஸ்கோன் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். தடவுவதை நிறுத்தக்கூட இல்லை. சூரியன் உதித்துவிட்டது என்று யாராவது சொன்னால் "நீ பாத்தியா?" என்று கேட்கிற மனுஷன் அவர். நியூசிலாந்தின் ஆக்லாந்து துறைமுகத்தில் முப்பது வருஷம் இழுவைக் கப்பல் ஓட்டியவர். கண்ணால் பார்க்காத பாறையும் நம்பமாட்டார், பார்த்த பாறையையும் இன்னொரு தடவை சுற்றிவந்துதான் நம்புவார்.

"ரெக்ஸா?" என்றார். "அந்த லாஞ்சு மேல ஈ உக்காந்தா ஈக்குக் கால் கழுவி விடற ஆளு. அவன் ரம்பம் எடுப்பானா? போன வருஷம் கடல்சிங்கத்தைப் போன்ல பேச வெச்சேன்னு சொன்னியே, அது மாதிரிதான் இதுவும்."

"கடல்சிங்கம் பேசலைன்னு நீ பாத்தியா?"

பீட்டா ஸ்கோனைக் கடித்தார்.

ஸோர்காவுக்கு வயது எழுபத்து மூன்று. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தொன்பது வருஷம் ஊரார் பேச்சைக் காதில் வாங்கியே ஓய்வு பெற்றவள். ஓய்வுக்குப் பிறகு பழைய மர லாஞ்சுகளின் ஜாதகம் தேடுவது அவள் வேலை. இந்தத் துறைமுகத்தில் லாஞ்சுக்குப் பெயர் மாறும், என்ஜின் மாறும், மேல்கூரை மாறும், சொந்தக்காரன் நாலு தடவை மாறுவான். ஸோர்கா ஒரு மங்கலான புகைப்படத்தை வெளிச்சத்தில் பிடித்து, ஜன்னலுக்கும் ஜன்னலுக்கும் உள்ள இடைவெளியை மட்டும் பார்த்துவிட்டு, "இது மோனாங்கற லாஞ்சோட தங்கச்சி. பதினாலுல பொறந்தது. முப்பத்திரண்டுல ஒருத்தன் இதுக்கு மூக்கு வெட்டிட்டான்" என்பாள். தலைகீழாகப் பிடித்தும் சொல்வாள் என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதும் அவள்தான்.

ஊரிலிருந்த எல்லா லாஞ்சுக்கும் பிறப்பு எழுதியவளால் ஒரே ஒரு லாஞ்சுக்கு மட்டும் எழுத முடியவில்லை. அது அவள் அப்பா கட்டியது.

ஸ்டிபான் வுலேதிச் டால்மேஷியாவிலிருந்து கப்பலேறி வந்து, வடக்கே சதுப்பு நிலத்தில் புதைந்து கிடந்த காவ்ரி மரப் பிசினைத் தோண்டி விற்றுப் பிழைத்தவர். பகலில் பிசின் தோண்டுவார், மாலையில் படகு கட்டுவார். காவ்ரிப் பலகையை மெல்லியதாக இழைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று தோல். முதல் தோல் வலப்பக்கம் சாய்வு, இரண்டாவது இடப்பக்கம் சாய்வு, மூன்றாவது நீளவாக்கில். தோலுக்கும் தோலுக்கும் நடுவில் எண்ணெய் வர்ணத்தில் நனைத்த துணி. 1913-இல் அந்த லாஞ்சைத் தண்ணீரில் இறக்கி 'தானிட்சா' என்று பெயர் வைத்தார். அவர் பாஷையில் விடிவெள்ளி.

அடுத்த வருஷம் போர் வந்தது. டால்மேஷியா அப்போது ஆஸ்திரிய சாம்ராஜ்யத்தில் இருந்தது; ஸ்டிபான் அதன் குடிமகன், அதனால் எதிரி நாட்டான். எதிரி நாட்டானுக்குத் துறைமுகத்தில் லாஞ்சு எதற்கு என்று பேச்சு கிளம்பியது. படகுப் பட்டறை முதலாளி எப்ரைம் பின்ஃபோல்ட் தோளில் கை போட்டு, "எங்கிட்ட விட்டு வைப்பா. சண்டை முடிஞ்சதும் எடுத்துக்கோ" என்றார். சண்டை முடிந்தது. ஸ்டிபான் போய் நின்றார். "எந்த லாஞ்சு?" என்றார் எப்ரைம். பட்டறை வாசலில் 'லேடி பின்ஃபோல்ட்' என்று புதுப் பெயரோடு, 'கட்டியவர் எ. பின்ஃபோல்ட்' என்ற பித்தளைத் தகட்டோடு தானிட்சா மிதந்துகொண்டிருந்தது.

அந்த எப்ரைமின் பேரன்தான் ரெக்ஸ். அறுபத்தெட்டு வயது. அவர் நெஞ்சு அவருக்கு மூன்று அடி முன்னால் நடக்கும். கதவுகள் அதைப் பார்த்துத் தானாகத் திறக்கும். குரல் இருக்கிறதே, கரையில் பேசினால் எதிர்த்தீவில் ஆடு திரும்பிப் பார்க்கும். ஆறு வருஷத்துக்கு முன் லாஞ்சுக் கழகத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஸோர்கா எழுந்து, அப்பாவின் புகைப்படத்தைக் காட்டி, ஜன்னல் இடைவெளியைக் காட்டி, இது எங்கள் லாஞ்சு என்றாள். ரெக்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்:

"அம்மணி, இந்த மாதிரி ஜன்னல் வெச்ச லாஞ்சு நூறு இருக்கு. உங்கப்பா பிசின் தோண்டறவர். அவங்களுக்குக் குழி தோண்டத் தெரியும். லாஞ்சு கட்டறது வேற ஜாதி வேலை."

சபை சிரித்தது. சிரித்த ஒவ்வொரு வாயும் ஸோர்காவுக்கு ஞாபகம். எந்த வாயில் எந்தப் பல் இல்லை என்பது வரைக்கும் ஞாபகம். அன்று இரவு அவள் அழவில்லை. அடுப்பைப் பற்றவைத்து, பதினேழு டஜன் பிஸ்கட் சுட்டு, ஒவ்வொன்றையும் ரெக்ஸின் மூஞ்சி வடிவத்தில் வெட்டி, ஒவ்வொன்றாகக் கடித்துத் தின்றாள் என்று சொல்வாள். பதினேழு டஜனா என்று கேட்டால், "பதினெட்டு. வெட்கத்துல குறைச்சுச் சொன்னேன்" என்பாள்.

போன குளிர்காலத்தில் டால்மேஷியாவிலிருந்து அப்பாவின் அண்ணன் மகன் ஒரு தகரப் பெட்டி அனுப்பினான். அப்பா ஊருக்கு எழுதிய கடிதங்கள். 1913 மார்ச் மாதத்துக் கடிதத்தில் நாலு வரி: "துணி ஒரு முழம் குறைந்துவிட்டது. கடைக்குப் போக ஒரு நாள் நடை. நம் அக்கா மாரா என் பேரைப் பின்னித் தந்த இடுப்புக் கச்சையை வைத்து மூடிவிட்டேன். இடப்பக்கம், பின்னாலிருந்து மூன்றாவது வட்ட ஜன்னலுக்கு நேர் கீழே, இரண்டாம் தோலுக்கும் மூன்றாம் தோலுக்கும் நடுவே. அவளிடம் சொல்லாதே, அடிப்பாள்."

ஸோர்கா அதைப் பீட்டாவிடம் படித்துக் காட்டினாள்.

"எம்பத்து மூணு வருஷம் ஆச்சு" என்றார் பீட்டா. "கச்சை இந்நேரம் சேறா இருக்கும். இருந்தாலும் லெட்டர்ல இருக்கறது வேற லாஞ்சும்பான். உள்ள பாக்கணும்னா அவன்தான் தொறக்கணும். தொறப்பானா?"

"தொறப்பான். அவனுக்குத் தாத்தாவைப் பத்தித் தெரியாதுன்னு சொல்ல மட்டும் தெரியாது. அது போதும் எனக்கு."

கழகத்துக்கு மாத இதழ் ஒன்று உண்டு, எட்டுப் பக்கம். லாஞ்சு வரலாறு தேடுகிற கிழங்களுக்கு அதுதான் வேதம். அதில் ஒரு வரி அச்சானால் அடுத்த மாதம் அது ஞாபகம், அதற்கடுத்த மாதம் அது சரித்திரம். ஆகஸ்ட் இதழில் ஒரு மூலையில், பெயரில்லாமல், சின்னதாக ஒரு கேள்வி வந்தது: "எப்ரைம் பின்ஃபோல்ட் தன் சிறந்த லாஞ்சுகளில், இடப்பக்கம் பின்னாலிருந்து மூன்றாவது ஜன்னலுக்குக் கீழே, இரண்டாம் தோலின்மேல் பென்சிலால் கையெழுத்திடுவாராமே. யாருக்காவது தெரியுமா?"

யாருக்கும் தெரிய வழியில்லை. அது ஸோர்காவுக்குக் குளிக்கும்போது உதித்த சங்கதி. ஆனால் செப்டம்பர் இதழில் ஒரு கிழவர், தன் மாமா இதைச் சொல்லக் கேட்டதாக எழுதினார். அக்டோபரில் இன்னொருவர், அது தச்சன் பென்சில், நுனி சதுரம் என்று திருத்தினார். நவம்பரில் ரெக்ஸே முழுப் பக்கம் எழுதிவிட்டார்: தாத்தா சாகும் தறுவாயில் தன் காதருகில் அந்த ஜன்னலைப் பற்றித்தான் சொன்னாராம்.

இதழைக் கையில் வைத்துக்கொண்டு ஸோர்கா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுப் பூனை ஊரை விட்டே போய்விட்டது.

இன்னும் ஒரு கண்ணி பாக்கி. புதிய லாஞ்சுப் பதிவேடு ரெகாட்டாவுக்கு மறுவாரம் அச்சுக்குப் போகிறது. அதில் 'கட்டியவர்' என்ற இடத்தில் ஏறுகிற பெயர்தான் இனி எந்தக் காலத்துக்கும். ஸோர்கா பதிவேட்டுக் குழுவில் தட்டச்சுக்காரி. படிவத்தை எடுத்துக்கொண்டு ரெக்ஸ் வீட்டுக்கே போனாள்.

"ரெக்ஸ், ஒரே ஒரு இடம் காலியா இருக்கு. உடம்பை எப்பவாவது தொறந்து ரிப்பேர் பண்ணினதுண்டா?"

"அம்மணி! இது பின்ஃபோல்ட் லாஞ்சு! பதிமூணுல மூடினது. அதுக்கப்புறம் ஒரு ஆணியக்கூட எவனும் தொட்டதில்ல. அது முழுக்க எங்க குடும்பத்துக் கண்ணு முன்னாலயே இருந்திருக்கு."

"அப்ப அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்களேன். தொறக்காத உடம்புன்னா மதிப்பே வேறல்ல?"

எழுதினார். இரண்டு கோடு வேறு போட்டார். திரும்பும்போது வாசற்படியில் நின்று ஸோர்கா, காற்றிடம் சொல்வதுபோல, "ரெகாட்டாவுக்குப் பத்திரிகைக்காரங்க வர்றாங்களாம். கையெழுத்துப் போட்ட லாஞ்சு ஏதாவது இருந்தா அட்டைப் படம்னு பேச்சு" என்றாள். அவ்வளவுதான். அறு என்ற சொல் அவள் வாயில் வரவில்லை.

ஜனவரி ரெகாட்டா. கரையோரம் போஹுதுகாவா மரங்கள் கோடைப் பூவைச் சிவப்பாகக் கொட்டியிருந்தன. லேடி பின்ஃபோல்ட் சரிவுத் தளத்தில் ஏற்றி நிறுத்தப்பட்டு, வார்னிஷ் மின்ன, மணப்பெண்போல் நின்றது. ஒரு மேஜைமேல் இறைச்சி அடைத்த ரொட்டியும் பாவ்லோவா கேக்கும். ரெக்ஸ் வெள்ளை மேலங்கி மாட்டிக்கொண்டு, அறுவைச் சிகிச்சைக்குப் போகிற டாக்டர்போல் மெல்லிய ரம்பத்தோடு வந்தார்.

"நண்பர்களே!" என்றார். எதிர்த்தீவில் ஆடு திரும்பியது. "எங்க தாத்தாவோட கையெழுத்தை இன்னிக்கு எல்லாரும் பாக்கப் போறீங்க. வெளித்தோல்ல ஒரு சின்னச் சதுரம். எடுத்துப் பாத்துட்டு அப்படியே திருப்பி வெச்சுடுவேன், தையல்கூடத் தெரியாது."

பீட்டா வாயைத் திறந்தார். மூடவில்லை. ஸோர்கா கோப்பையோடு மூன்றாவது வரிசையில் நின்றாள். அவள் முகத்தில் பாலை நக்கிய பூனையின் அமைதி. நெஞ்சுக்குள் மட்டும் நூறு தவில்.

ரம்பம் இறங்கியது. காவ்ரித் தூள் தேன் நிறத்தில் உதிர்ந்தது. ஒரு பக்கம், இரண்டு பக்கம், மூன்று, நாலு. ரெக்ஸ் சதுரத்தின் விளிம்பில் உளியை வைத்தபடி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"இந்த நேரத்துல நம்ம ஸோர்காவுக்கு நன்றி சொல்லணும். பழசை மறந்துட்டுப் பெருந்தன்மையா வந்திருக்காங்க."

"பரவாயில்ல ரெக்ஸ்" என்றாள் ஸோர்கா. "நடத்துங்க."

சதுரம் கழன்றது. ரெக்ஸ் உள்ளே குனிந்தார். நிமிரவில்லை. பத்திரிகைக்காரன் விளக்கை நீட்டினான்.

பென்சிலும் இல்லை, பின்ஃபோல்டும் இல்லை. எண்ணெய் வர்ணத்தில் ஊறி, காற்றே படாமல் எண்பத்து மூன்று வருஷம் கிடந்த சிவப்புக் கம்பளிக் கச்சை. அதன் முனையில் நீல நூலில் எழுத்து.

"என்ன இது… கந்தலு" என்றார் ரெக்ஸ். அந்தக் குரல் பக்கத்தில் நின்றவனுக்கே எட்டவில்லை.

"எழுத்து இருக்கு போலிருக்கே" என்றாள் ஸோர்கா. "படிங்க. சத்தமா. உங்களுக்குத்தான் நல்ல குரலாச்சே."

"ஸ்… ஸ்டி…"

"கேக்கல."

"ஸ்டிபான். வுலேதிச்." வியர்வை மூக்கு நுனியில் நின்றது. "பின்னாடி யாரோ இதைச் சொருகி வெச்சிருக்கணும்! எவனோ தொறந்து…"

ஸோர்கா கைப்பையிலிருந்து படிவத்தை எடுத்தாள். அவசரமே இல்லாமல் கண்ணாடி போட்டுக்கொண்டாள். அந்தக் கண்ணாடியை ஆறு வருஷமாக இதற்காகவே துடைத்து வைத்திருந்தாள்.

"'பதிமூணுல மூடினது. அதுக்கப்புறம் ஒரு ஆணியக்கூட எவனும் தொட்டதில்ல.' இது உங்க கையெழுத்துதானே ரெக்ஸ்? ரெண்டு கோடு வேற போட்டிருக்கீங்க."

சபை இந்த முறை சிரிக்கவில்லை. ஆறு வருஷத்துக்கு முன் சிரித்த வாய்களை ஸோர்கா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். எல்லாம் பாவ்லோவாவால் அடைபட்டிருந்தன. ஒருத்தர் தொப்பியைக் கழற்றினார். பதிவேட்டுச் செயலாளர் பேனாவைத் தேடினார். ரெக்ஸ் ரம்பத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்தார்.

ஸோர்கா சதுரத்தின் அருகே போய் ஒரு விரலால் அதன் விளிம்பைத் தடவினாள்.

"அழகாத் தோண்டியிருக்கீங்க" என்றாள் மெதுவாக. "குழி தோண்டறது எங்க ஜாதி வேலைன்னு நினைச்சேன். உங்களுக்கும் நல்லாவே வருது."

ரெக்ஸின் நெஞ்சு அவருக்குள் திரும்பிப் போனதை அன்றுதான் ஊர் பார்த்தது. அவர் மேலங்கியோடே காரில் ஏறிப் போனார். செயலாளர் திருகாணி முடுக்கியைக் கொண்டுவந்து ஸோர்காவிடம் நீட்டினார். பித்தளைத் தகட்டின் நாலு திருகையும் அவளே கழற்றினாள். கடைசித் திருகை வேண்டுமென்றே மெதுவாக. மன்னிக்கலாமே என்று ஒரு பாதிரியார் காதோரம் சொன்னார். "அடுத்த ரெகாட்டாவுக்கு யோசிக்கிறேன் ஃபாதர்" என்றாள்.

சாயங்காலம், படகுப் போட்டி முடிந்து தாமதமாக வந்த ஒரு இளம் தம்பதி, கழகத்தின் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த பீட்டாவைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"அந்த அம்மா சொல்றாங்க, அவரே ரம்பம் எடுத்து அறுத்தாராம், இருநூறு பேரு பாத்தாங்களாம், நன்றியும் சொன்னாராம். சும்மா கதைதானே அங்கிள்? நீங்கதான் எதையும் நம்பமாட்டீங்களாமே."

பீட்டா எழுந்து போய், சரிவுத் தளத்தில் நின்ற லாஞ்சை ஒரு சுற்றுச் சுற்றினார். ஓட்டைக்குள் கையை விட்டுக் கச்சையைத் தொட்டார். இன்னொரு சுற்றும் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தார்.

"இருநூறு பேரு இல்ல" என்றார். "நாப்பத்தாறு. நான் எண்ணினேன். அவ கையில இருந்தது டீயும் இல்ல, காப்பி. நன்றியை எல்லாம் முடிஞ்சு சொல்லல, சதுரம் கழல்றதுக்கு முன்னாடியே சொல்லிட்டான்." கொஞ்சம் நிறுத்தினார். பிறகு, பல்லைப் பிடுங்கக் கொடுப்பவர்போலச் சொன்னார்:

"ஆனா அறுத்தான்மா. அவனேதான் அறுத்தான். நான் பாத்தேன்."